ஒண்ணாம் லைன்

காலை ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில் ஃபோன் வரும். அந்தப் பக்கத்து ஆண் குரல் தன் பெயரைச் சொல்லாது, என் பெயரையும் கேட்காது. "காத்து விழுந்துடுச்சி. ரெண்டு மெகாவாட் எடுங்க" என்று மட்டும் சொல்லும். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு எழுந்துபோய் முதல் பேனலின் கைப்பிடியைத் திருப்புவேன். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரியும். துணை மின்நிலையத்தில் நிறங்களுக்கு வெளியுலக அர்த்தம் கிடையாது. சிவப்பு எரிந்தால் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது, பச்சை எரிந்தால் நின்றுவிட்டது. அந்தப் பச்சை எரியும் நொடியில் நாலு கிலோமீட்டர் தள்ளி எங்கள் காலனி முழுக்க நின்றுபோகும். எங்கள் வீடும் அதில் ஒன்று.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் மே மாதம் காற்றுக் காலம் தொடங்கியதிலிருந்து செப்டம்பர் நடுவரை, காலை ஷிப்டில் இருந்த ஒவ்வொரு நாளும் இதைச் செய்தேன். என் கையால் செய்தேன்.

காற்று விழுந்தது என்பது பொய்யில்லை. தெற்கே ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. சாயந்திரம் கணவாயில் காற்று ஏறினால் மாநிலம் முழுக்க அந்தக் கரண்ட் பாயும், நிலக்கரி நிலையங்களைக் குறைத்து ஓட்டச் சொல்வார்கள். விடிகாலையில் காற்று திடீரென்று படுத்துவிடும். தணித்த கொதிகலனை மறுபடி ஏற்ற மணிக்கணக்காகும். அதற்குள் ஊரெல்லாம் எழுந்து மோட்டார் போடும். எங்கள் சுவரில் இருக்கும் அலைவெண் மீட்டர் ஐம்பதிலிருந்து சரிந்து நாற்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கும். இன்னும் இறங்கினால் தெற்கே நாலு மாநிலமும் ஒரேயடியாக இருண்டுவிடும். ஆகையால் யாரையாவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கோடிக்கணக்கான பேரின் மூச்சு அந்த எண்ணில் ஏறி இறங்குகிறது, அதைக் காப்பாற்றுகிறவர்களில் நானும் ஒருத்தி என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

யாரை நிறுத்துவது என்று ஃபோன் குரல் ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் பேனலுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிய ஓர் அட்டை சொன்னது. அதில் நாலு லைன்கள், சிவப்பு மையில் ஒன்று முதல் நாலு வரை. அட்டையில் தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. எனக்கு முந்தைய ஷிப்டில் இருப்பவர் சேட்டு. முதல் நாளே இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "அதுல கேக்கறதுக்கு இன்னா கீது? மேல இருந்து இழுத்துகினே வா. ஒண்ணு பத்தலன்னா ரெண்டு. நாலாண்ட மட்டும் போயிடாத" என்று சொல்லி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இழுப்பது என்றால் எங்கள் பேச்சில் லைனை நிறுத்துவது.

ஒண்ணாம் லைனில் எங்கள் காலனி இருந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர்களின் ஐந்து வீடுகளும், இன்னும் மூன்று சின்ன ஊர்களும் அதில் இருந்தன. நாலாம் லைனில் ரைஸ் மில், கல் குவாரி, ஊர்த்தெரு. ஊர்த்தெருவில் பெரிய நிலக்காரர் வேதகிரியின் வீடு, அவருடைய பம்ப் செட். அட்டையைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு டிப்ளமோ தேவைப்படவில்லை.

ஆனால் எங்கள் கம்பங்களில் எழுதியிருந்த '1' எதற்கென்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. என் அப்பா தானியேல் எங்கள் சர்ச்சில் கோயில்பிள்ளையாக இருந்தார். மணி அடிப்பார், பெருக்குவார், மற்ற நாளில் செங்கல் சூளையில் கல் அறுப்பார். அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு பெயிண்டர் வந்து எங்கள் பக்கத்துக் கம்பங்களில் எல்லாம் சிவப்பில் '1' என்று எழுதிக்கொண்டே போனான். அப்பா அவனை நிறுத்தி விவரம் கேட்டிருக்கிறார். "நீங்கதான் மொத லைனு பெரியவரே" என்றிருக்கிறான் அவன். அப்பா அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சர்ச் எதிரில் இருக்கும் கம்பத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாக எழுதச் சொன்னார். ஊரில் எதிலும் கடைசியாக நின்றவர்களுக்கு இதிலாவது முதலிடம் வந்ததே என்று காலனி முழுக்கச் சொல்லித் திரிந்தார். பையன்கள் தங்கள் கபடிக் குழுவுக்கு 'ஒண்ணாம் லைன்' என்றே பெயர் வைத்து பனியனில் அச்சடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அப்பா இறந்துபோனார். முதலில் நிறுத்தப்படுகிற லைன் என்பதற்குத்தான் அந்த ஒன்று என்று அவருக்குத் தெரியாமலே போனது. எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

அப்பாவின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கால்வாசிகூட உண்மையில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, யார் நிறுத்துவது என்று வரும். அதற்குப் பயந்தேன்.

எங்கள் பக்கத்துக்குக் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் மூன்று ஃபேஸ் வரும். அதற்கப்புறம் இரண்டு ஃபேஸ்தான், பல்பு எரியும், மோட்டார் ஓடாது. காலனித் தண்ணீர் டாங்கை ரொப்பும் மோட்டாருக்கு அந்த மூன்று மணி நேரம்தான் உயிர். அதன் நடுவில்தான் தினமும் காற்று விழுந்தது. எங்கோ காற்று இல்லாததால் இங்கே தண்ணீர் இல்லை என்பதைக் காலனியில் யாராலும் நம்ப முடியவில்லை. ஏரிக்கரை இருளர் வீட்டு மாசி, புடவைத் தலைப்பு முகத்தில் அடித்து அடித்துப் பறக்க, என் டிவிஎஸ் வண்டியை மறித்துக் கேட்டாள்: "காத்து இல்லன்றியே, அப்ப இது இன்னாடி? எங்க வூட்டுக் கூரைய எத்துகினு பூடும் போல கீது. இத்த புடிச்சிகினு போய் உன் மிசினுல வுடு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டாங்க் வறண்டதும் பெண்கள் வேதகிரியின் பம்ப் செட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். முதலில் சும்மா விட்டார். சம்பா நடவு தொடங்கியதும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். விடியும்போதே வந்து இரண்டு மணி நேரம் நாற்று நட்டுவிட்டு, எட்டு மணிக்கு மோட்டார் போட்டதும் ஆளுக்கு நாலு குடம் பிடித்துக்கொண்டு போகலாம். கூலி இல்லை. கூலி வேலை அதற்கப்புறம் வேறு யார் நிலத்திலாவது. என் அம்மா சிட்டம்மாள் ஐம்பத்தாறு வயதில் தண்ணீருக்காகச் சேற்றில் இறங்கினாள்.

நான் தினமும் மின்நிலையத்துப் போர்வெல்லிலிருந்து இரண்டு கேன் தண்ணீரை வண்டியில் கட்டி எடுத்துவருவேன். நம் வீட்டுக்கு இது போதும், நீ போகாதே என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவள் அந்தக் கேன்களை மாசியின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று அங்கே அனுப்பிவிட்டு வயலுக்குப் போனாள். ஒரு சாயந்திரம் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, விரலிடுக்குகளில் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவே தோல் வெள்ளையாக ஊறி உரிந்திருந்தது. அந்த வெள்ளையை நான் பார்த்தேன். அவள் நான் பார்ப்பதைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டாள்.

அவள் வயலில் இறங்கிய நாளில் எனக்கு முதலில் கோபம் வந்தது அவள்மேல். ஏன் போகிறாள்? பிறகு வேதகிரிமேல். பிறகு காற்றின்மேல்கூட. என்மேல் வருவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஆகஸ்டிலேயே வந்திருக்க வேண்டும். அந்த மாதம் பழைய கோப்பு ஒன்றைத் தேடும்போது ஒரு சுற்றறிக்கை என் கையில் கிடைத்திருந்தது. மின்குறைப்பைச் சுழற்சி முறையில் எல்லா லைன்களுக்கும் சமமாகச் செய்யவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். அதன்பிறகும் இருபத்தாறு நாள் ஒண்ணாம் லைனைத்தான் இழுத்தேன். நிரந்தரமாகாத வேலை, இந்த மின்நிலையத்தில் ஒரே பெண், காலனிப் பெண். காரணங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் சரியான காரணம்தான். எல்லாம் சேர்ந்து என் அம்மாவைச் சேற்றில் நிறுத்தின.

அம்மா அப்படிக் காலை மடக்கிக்கொண்டாளே, அதற்கு மறுநாள் ஃபோன் ஆறு ஐம்பதுக்கு வந்தது. ரெண்டு மெகாவாட். நான் எழுந்து முதல் பேனலைத் தாண்டி நடந்து, நாலாவது கைப்பிடியைத் திருப்பினேன். பச்சை எரிந்தது. கேட்டது இரண்டு, கொடுத்தது இரண்டரை. நோட்டில் நேரம், லைன், 'காற்று குறைவு' என்று எழுதினேன். கையெழுத்து எப்போதும் போல வட்ட வட்டமாகத்தான் இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் மில்லிலிருந்து ஃபோன் வந்தது. அப்புறம் குவாரியிலிருந்து. அப்புறம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சேட்டு, பாதி வழியில் இருந்து. தவறி இழுத்துவிட்டாயா என்று கேட்டார். தவறி இழுக்கவில்லை என்றேன். பிறகு, "உனுக்கு நேரம் செரியில்லம்மா" என்று வைத்துவிட்டார்.

நான் முதல் பேனலின் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆம்பியர் முள்ளையே பார்த்தேன். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடுவதெல்லாம் அந்த முள்ளில் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் பார்த்தேன். டாங்கில் தண்ணீர் விழும் சத்தத்தை மனசுக்குள் கேட்டேன். அடியில் காய்ந்த பாசியின்மேல் முதல் தண்ணீர் விழுந்து, பிறகு தண்ணீரின்மேலேயே தண்ணீர் விழும் சத்தம். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு டீ ருசித்தது.

உதவிப் பொறியாளர் ஸ்ரீகாந்த் எட்டு மணிக்கு ஜீப்பில் வந்தார். கெட்டவர் இல்லை, சத்தம் போட மாட்டார். அதனாலேயே அவரிடம் பேசுவது கஷ்டம். நாலாம் லைனை உடனே போடச் சொன்னார். அதற்குப் பதில் எதை எடுக்கட்டும் என்று கேட்டேன். அவர் அட்டையைக் காட்டினார்.

"இது யார் போட்ட ஆர்டர் சார்?"

"ஆர்டர்லாம் இல்லம்மா. ஒரு ப்ராக்டிகல் அரேஞ்ச்மென்ட். மில்லு இருக்கு, இன்டஸ்ட்ரி இருக்கு. காலனில ஒரு ரெண்டு மணி நேரம் ஃபேன் சுத்தலன்னா என்ன ஆயிடப் போகுது?"

"காலனியில டாங்க் மோட்டார் இருக்கு சார்."

"நீ அந்தக் காலனிங்கறதால பேசற. அது தப்பு ஷீபா. இந்த ரூமுக்குள்ள வந்தா நமக்கு ஊரு கிடையாது."

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. அதுதான் என்னை எரித்தது. நாலு மாதமாக எனக்கு ஊர் இல்லாமல்தானே அந்தக் கைப்பிடியைத் திருப்பினேன். அந்த அட்டையை எழுதியவனுக்கு மட்டும் ஊர் இருந்திருக்கிறது. கோப்பிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் படிக்கவில்லை. ஏற்கெனவே படித்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒண்ணாம் லைனையே எடுக்கணும்னா எடுக்கறேன் சார். எழுத்துல குடுங்க" என்றேன். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன்மேல் வைத்தேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை. மீட்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எனக்கு மெமோ வரும் என்றார். வரட்டும் சார் என்றேன். எட்டே முக்காலுக்கு அலைவெண் ஏறி, போடலாம் என்று ஃபோன் வந்தது. நாலாம் லைனைப் போட்டேன். சிவப்பு எரிந்தது. ஜீப் போய்விட்டது.

இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வண்டியில் அன்றைக்குக் கேன்களைக் கட்டவில்லை. டாங்கில்தான் தண்ணீர் இருக்குமே. தெருக்குழாயைத் தாண்டும்போது அதைத் திறந்து பார்த்தேன். ஒரு இழுப்பு காற்று வந்தது, அவ்வளவுதான்.

அம்மா அடுப்பு மூட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. கழுவத் தண்ணீர் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

காலனி மோட்டார் ரூம் சாவி சின்னராசுவிடம் இருக்கிறது. பஞ்சாயத்து வைத்த ஆள். ஆறு மணிக்குக் கரண்ட் வந்தாலும் முக்கால் மணி நேரத்தில் போய்விடுகிறதே என்று மாதக்கணக்கில் பார்த்து, அவன் வருவதையே விட்டுவிட்டான். காலையில் வேதகிரியின் மாடுகளைக் கறக்கப் போய்விடுகிறான். அன்றைக்கு மூன்று மணி நேரம் முழுசாக மூன்று ஃபேஸ் வந்தது. ரூம் பூட்டியே இருந்தது. இது எனக்குத் தோன்றவே இல்லை. கைப்பிடியைத் திருப்பினால் தண்ணீர் வரும் என்று நினைத்தேன். நடுவில் ஒரு சாவி இருப்பதை நான் மறந்தேன்.

பெண்களோ வழக்கம்போல இருட்டோடு வயலில் இறங்கிவிட்டார்கள். ஒரு கழனி முழுக்க நட்டு முடித்து, எட்டு மணிக்குக் குடங்களோடு பம்ப் செட்டில் நின்றால் கரண்ட் இல்லை. வேதகிரி வரப்பில் நின்று கையை விரித்திருக்கிறார். நட்டது நட்டதுதான், நாளைக்கு வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார்.

"எனுக்கு வயிறு எரிஞ்சிச்சி" என்றாள் அம்மா. "கோயில்புள்ள பொண்டாட்டி செய்யக் கூடாது, தெரியும். குனிஞ்சி மண்ண அள்ளினேன். எங்க கரண்ட எவன் நிறுத்தறானோ அவன் கை வெளங்காம பூடணும், சோத்த அள்ளி வாயில வெக்க முடியாம பூடணும்னு தூத்தினேன். மூணு வாட்டி."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தாளு சிரிக்கிறான் ஷீபா. இன்னாடி சிட்டம்மா, பெத்த பொண்ணையே சாவமா வுட்ற, கைப்பிடி புடிக்கிறதே உன் பொண்ணுதான்ன்றான். இன்னிக்கி நிறுத்தினது என் லைனு, இத்தினி நாளா நிறுத்தினது உன் லைனுன்றான். எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. மாசி பாக்கறா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பொய்யின்னேன். எம்பொண்ணு அப்டி பண்ணாது, அதுக்கு எங்க லைனு எதுன்னு தெரியும்னேன்."

வெளியே ஒண்ணாம் லைன் பனியன் போட்ட இரண்டு பேர் சைக்கிளில் போனார்கள்.

"பொய்யாடி?"

"இல்லம்மா."

"எப்பத்திலருந்து?"

"மே மாசத்துல இருந்து."

மே மாதம், ஜூன் மாதம் என்று அவள் விரல்களை மடக்கினாள். நாற்று முடி பிரித்துப் பிரித்துக் கருத்த விரல்கள். அப்புறம் கம்பத்து நம்பரைப் பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னேன். அட்டை, பெயிண்டர், சுற்றறிக்கை, இருபத்தாறு நாள், எல்லாவற்றையும். மேலேயிருந்து உத்தரவு என்று ஆரம்பித்த ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"உங்கப்பன் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தாரு" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் போய்த் தொட்டிருப்பேன். "நீ எனுக்கு தண்ணி வேற எத்தினு வந்த. நிறுத்தறதும் நீ, கேனுல எத்தினு வர்றதும் நீ. அந்தாளாவது நட்டாதான் தண்ணின்னு மூஞ்சிக்கி நேரா சொன்னான்."



இனிமேல் சுற்று முறையில்தான் இழுப்பேன் என்று மட்டும் சொன்னேன். இன்றைக்குத் திங்கள், நாலு நின்றது. செவ்வாய் மூன்று. புதன் இரண்டு. வியாழக்கிழமை நம் லைன் நிற்கும். மெமோ வந்தாலும், இருக்கிறவரை அப்படித்தான். வேலையை விட்டுவிடு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"வியாயக்கியமதானே?" என்றாள் அவள். "அது தெரிஞ்சா போதும். பொதங்கியமயே ரொப்பி வெச்சிக்கலாம். தெனிக்கும் நம்ம லைனே நின்னதாலதான இத்தினி நாளு அவன் சேத்துல நின்னோம்." எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அந்தச் சேற்றுக் காலோடேயே சாவி வாங்கச் சின்னராசு வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பாமலே, தூற்றிய மண்ணை அள்ள முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

மறுநாள் ஐந்தேகாலுக்கு நான் வண்டியை எடுத்தபோது அவள் வீட்டில் இல்லை. மோட்டார் ரூம் எதிரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வயலுக்கு யாரும் போகவில்லை. அம்மா நடுவில் இருந்தாள். சாவி அவள் இடுப்பில் தொங்கியது. என் வண்டியின் விளக்கு அவர்கள்மேல் விழுந்ததும் பேச்சு நின்றது. மாசி மட்டும், "பாத்து போ, காத்து தள்ளிறப் போவுது" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சர்ச் எதிரில் இருந்த கம்பத்தில் அப்பா பெரிசாக எழுதச் சொன்ன '1' தெரியவில்லை. யாரோ சாணியைக் குழைத்து மெழுகியிருந்தார்கள். ஐந்து விரலும் பதிந்திருந்தன. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

மின்நிலையத்தில் சேட்டு ஷிப்ட் முடிந்தும் போகாமல் இருந்தார். பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதுசாக ஒன்று ஒட்டியிருந்தார்கள். இந்த முறை கம்ப்யூட்டரில் அடித்தது. அதே நாலு பெயர், அதே வரிசை. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள், கையெழுத்து இல்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்கு ஃபோன் வந்தது. காத்து விழுந்துடுச்சி. ரெண்டு மெகாவாட்.

நோட்டையும் பேனாவையும் சேட்டுவிடம் நீட்டினேன். ஒண்ணாம் லைன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இழுக்கிறேன் என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான் மூன்றாவது பேனலுக்குப் போனேன். கைப்பிடியைப் பிடித்தபோது என் கையை ஒரு தரம் பார்த்தேன். அம்மா மண் தூற்றிச் சபித்த கை. அது விளங்காமல் போய்விடவில்லை. நாலு மாதமும் ஒருநாள்கூடத் தயங்கியதில்லை. எனக்கு ஆத்திரமெல்லாம் அதன்மேல்தான்.

திருப்பினேன். பச்சை எரிந்தது.